மூன்றாவது புளியங்கொட்டை

என் மகள் கையை மூடிக்கொண்டாள். நடந்தது அவ்வளவுதான். மூன்று வாரமாகிறது. அடுப்படியில் நிற்கும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தக் கைதான் கண்முன் வருகிறது.

ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும். காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். கடைசிப் படியில் அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சரக் சரக்கென்று எதையோ தேய்க்கிற சத்தம். அதற்கேற்பத் தோள் ஆடியது. "என்னம்மா பண்ற?" என்று கேட்டேன். அதட்டவில்லை. தினமும் பத்துத் தடவை கேட்கிற கேள்விதான். திடுக்கிட்டுத் திரும்பினாள். வலது கை சட்டென்று மூடிக்கொண்டது. "ஒண்ணும் பண்ணலம்மா" என்றாள். நான் கேட்காமலேயே, "ஹிந்தி எழுதி முடிச்சிட்டேன்" என்றும் சேர்த்துச் சொன்னாள். பிறகு எழுந்து, என்னைத் தாண்டிக் கீழே இறங்கிப் போனாள். கை மூடியபடியே இருந்தது.

திங்கட்கிழமை துணி துவைக்க எடுத்தபோது அவள் கவுன் பையில் மூன்று புளியங்கொட்டைகள் கிடைத்தன. இரண்டில் ஒரு பக்கத்துத் தோல் முழுக்கத் தேய்ந்து வெள்ளைப் பருப்பு தெரிந்தது. விரலால் தடவினால் வழவழவென்றிருந்தது. மூன்றாவதில் நடுவில் மட்டும் சின்ன வட்டமாக வெள்ளை. சுற்றிலும் பழுப்புத் தோல் அப்படியே இருந்தது. நான் படியேறி வந்த நிமிஷம் அந்தக் கொட்டையில் நின்றுபோயிருந்தது.

எங்கள் வீட்டுத் தரை முழுக்க டைல்ஸ். புளியங்கொட்டை அதில் வழுக்குமே தவிர தேயாது. சொரசொரப்பான சிமெண்டு வேண்டும். எங்கள் கட்டடத்தில் அப்படி ஓர் இடம் மொட்டை மாடிக்குப் போகிற கடைசிப் படிதான். பூச்சு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏழு வருஷமாகக் குடியிருக்கிறேன், அந்தப் படி சொரசொரப்பானது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. டைல்ஸில் தேய்த்துப் பார்த்து, பால்கனியில் தேய்த்துப் பார்த்து, வாசல்படியில் தேய்த்துப் பார்த்து, கடைசியில் அங்கே போயிருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை இத்தனை பாடுபட்டுத் தேடிய ஒன்றைத்தான் 'ஒண்ணும் பண்ணல' என்று சொன்னாள்.

யார் சொல்லிக்கொடுத்தது என்றும் தெரியவில்லை. என் அம்மா இருந்திருந்தால் ஆச்சி சொல்லிக்கொடுத்தாள் என்று நினைத்திருப்பேன். அம்மா போய் ஆறு வருஷமாகிறது.

அவளுடைய வாரம் எப்படிப் போகிறது என்று எண்ணிப் பார்த்தேன். திங்களும் புதனும் பாட்டு. செவ்வாயும் வியாழனும் ஹிந்தி. பிராத்மிக் முடித்து மத்தியமாவுக்குப் படிக்கிறாள். சனிக்கிழமை காலையில் அபாகஸ். ஞாயிறு நீச்சல். நீச்சல் அவளே ஆசைப்பட்டுக் கேட்டது. மற்றதெல்லாம் நான் சேர்த்துவிட்டது. பேராசை என்று யாரும் சொன்னால் எனக்கு வலிக்கும். பயம் என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். சும்மா இருந்தால் போனைக் கையில் எடுத்துவிடுவாள் என்ற பயம். எதையாவது கற்றுக்கொள்ளாமல் விட்டு நாளைக்கு என்னைக் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். இவற்றுக்கு நடுவே மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தில் ஒன்றுதான் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம். அன்றைக்கும் ஹிந்தி எழுதிவிட்டதாக என்னிடம் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் என்னைத் தாண்டிப் போனாள்.

'சும்மா இராதே' என்பது எனக்குப் பழகிய பேச்சு. ஆலங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. 1990களின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் பீடித்தட்டு இல்லாத திண்ணை இல்லை. அம்மா நனைத்து வைத்த இலையை அளவுத் தகடு வைத்துக் கத்தரிப்பாள், தூள் வைத்துச் சுருட்டுவாள், நூல் கட்டுவாள். நுனியை மடக்கிக் கொடுப்பது என் வேலை. 25 பீடி ஒரு கட்டு. ஆயிரம் பீடி என்றால் 40 கட்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை இறக்கியதும் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். தூள் நெடி தலைமுடியில் ஏறி, மறுநாள் வகுப்பிலும் வீசும். கோடை விடுமுறை என்றால் காலையிலேயே தொடங்கிவிடும். அது வேலை என்றுகூட அப்போது தோன்றவில்லை. வீட்டில் பிள்ளை இருந்தால் அம்மாவுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

பிள்ளைகளைப் பீடி சுற்ற வைக்கக் கூடாது என்று 1986லேயே சட்டம் வந்துவிட்டது. வீட்டில் குடும்பத்தோடு செய்தால் அந்தத் தடை அப்போது பொருந்தவில்லை. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று 2016இல் திருத்தினார்கள். அதிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம் என்று ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு எங்கள் திண்ணைதான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம் போக மிச்சமிருக்கும் நேரம் யாருடையது என்பதைச் சட்டமும் கடைசியில் பெற்றவர்கள் கையில்தான் விட்டுவைத்திருக்கிறது.

ஒருநாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். தெருவில் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டு என் கை அடிக்கடி நின்றுபோனது. அம்மா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஏட்டி, போயி வெளயாடிட்டு வா" என்றாள். ஓடிவிட்டேன். பிள்ளையார் கோயில் கல்படியில் நாங்கள் புளியங்கொட்டை தேய்த்தோம். தாயம் ஆட நாலு கொட்டை வேண்டும். ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் வெள்ளை. குலுக்கிப் போட்டு, விழுந்த வெள்ளையை எண்ணிக் காய் நகர்த்துவோம். வேகமாகத் தேய்த்தால் கொட்டை கொதிக்கும். பக்கத்தில் இருப்பவள் அசந்த நேரம் பார்த்துக் கையில் வைத்தால் அலறுவாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா என் இடத்தில் கிடந்த பீடிகளுக்கும் நுனி மடக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அதைப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் ஆடிய அந்த ரெண்டு மணி நேரத்தை அம்மா தன் விரலால் ஈடுகட்டியிருக்கிறாள் என்பது, நானே ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகுதான் புரிந்தது.

எங்கே போனாய், என்ன விளையாடினாய், யார் யார் இருந்தார்கள் என்று அம்மா கேட்டதில்லை. அதை நெடுநாள் பெரிய சுதந்திரம் என்று நினைத்திருந்தேன். கேட்கிறவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன்: எங்கள் காலத்தில் அம்மா அப்பா எங்களைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள், நாங்களாக வளர்ந்தோம் என்று. இப்போது அப்படிச் சொல்ல நா எழவில்லை. அம்மாவின் கண் தட்டைவிட்டு நகர முடியாது, அதனால் என்மீது அது விழவில்லை. அவளுடைய அசதியைத்தான் நான் என் சுதந்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேனோ என்று இருக்கிறது.

அதோடு குளம் ஒன்று இருந்தது. ஒரு மே மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் குளத்துக்குப் போனவன் திரும்பி வரவில்லை. எந்த வீட்டிலும் யாரும் பார்த்திருக்கவில்லை, எல்லார் மடியிலும் தட்டு இருந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு அம்மா, "எங்க போற?" என்று கேட்டாள். பிறகு கேட்பது நின்றுபோனது. கேட்டுக்கொண்டிருக்க நேரம் இல்லை. ஆகவே, பார்க்காமல் விடுவதுதான் நல்லது என்று என்னால் துணிந்து சொல்ல முடியாது. எனக்குப் பார்க்க நேரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீச்சல் குளத்தின் ஓரத்தில் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடிகிறது. என் அம்மாவுக்குக் கிடைக்காத வசதி இது. அதே வசதிதான் மாடிப்படியில் ஒரு கையை மூட வைத்தது.

போன வருஷம் குழந்தைகள் தினத்துக்கு ஒரு பேச்சுப் போட்டி. நான்தான் எழுதிக்கொடுத்தேன். ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989இல் வந்தது, 1992இல் இந்தியா அதை ஏற்றது, அதன் 31ஆவது பிரிவு ஓய்வும் விளையாட்டும் பிள்ளைகளின் உரிமை என்கிறது என்றெல்லாம் தேடி எழுதினேன். 2013இல் அந்தப் பிரிவுக்கு வந்த விளக்கத்தையும் சேர்த்தேன்: விளையாட்டு என்பது பிள்ளைகள் தாமே தொடங்கி, தாமே நடத்துவது. அவள் அதை மூன்று சாயங்காலம் உட்கார்ந்து மனப்பாடம் செய்தாள். கீழே பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிற சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தியது நான்தான். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. புளியங்கொட்டையைக் கையில் எடுத்த பிறகு உறைக்கிறது.

'டோட்டோ சான்' புத்தகம் தமிழிலும் பலர் படித்ததுதான். தெத்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981இல் வெளியிட்டது. அதில் ஒரு இடம் இந்த நாட்களில் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. சிறுமியின் பணப்பை பள்ளிக் கழிவறைக் குழிக்குள் விழுந்துவிடுகிறது. நீளக் கைப்பிடி வைத்த அகப்பை ஒன்றைத் தேடி எடுத்து வந்து, குழியில் இருப்பதை அள்ளி வெளியே குவிக்கிறாள். தலைமையாசிரியர் கோபயாஷி அந்தப் பக்கம் வருகிறார். என்ன செய்கிறாய் என்று கேட்கிறார். அவள் சொல்கிறாள். அவர் நடந்துபோய்விடுகிறார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தவர், வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

அவரும் என்ன செய்கிறாய் என்றுதான் கேட்டார். என் வாயிலிருந்து வந்ததும் அதே கேள்விதான். அவர் கேட்டபோது அந்தப் பிள்ளை அள்ளுவதை நிறுத்தாமலே பதில் சொன்னது. நான் கேட்டபோது என் பிள்ளை கையை மூடியது. வித்தியாசம் கேள்வியில் இல்லை. அதற்கு முன்னால் எத்தனை நாள், எத்தனை முறை, எதற்காகக் கேட்டோம் என்பதில் இருக்கிறது போலும். என் வீட்டில் அந்தக் கேள்விக்கு அடுத்த வாக்கியம் பெரும்பாலும் 'ஹிந்தி எழுதியாச்சா' என்பதுதான். அதனால்தான் அவள் அதற்கான பதிலையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டாள்.

இன்னொன்றும் உண்டு. கடைசியில் அந்தச் சிறுமிக்குப் பணப்பை கிடைத்துவிட்டது என்றே இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அள்ளியதை எல்லாம் திரும்பப் போட்டாள், பை கிடைக்காவிட்டாலும் அவளுக்கு மனது நிறைந்திருந்தது, அவ்வளவுதான். இத்தனை பாடுபட்ட பிள்ளைக்குக் கையில் ஏதாவது கிடைத்திருக்க வேண்டும் என்று என் மனசே பணப்பையை எடுத்துக் கொடுத்துவிட்டிருக்கிறது. படித்த கதையிலேயே இப்படிச் செய்கிறவள், பெற்ற பிள்ளையிடம் என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். தாயம் ஆடத்தான் கொட்டை தேய்த்தாள் என்று நான் முடிவுகட்டியதும் அந்தப் பழக்கம்தான். அவள் சும்மா தேய்த்துக்கொண்டிருந்திருக்கலாம். பழுப்புக்கு அடியிலிருந்து வெள்ளை வருவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

வீட்டில் அவரிடம் சொன்னபோது, "பிள்ளைங்க கையில எதையாவது வெச்சிருக்கும், இதைப் போயி இவ்வளவு யோசிக்கிற" என்றார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை நான் மாடிக்குப் போகவில்லை. துணி கொடியிலேயே கிடந்தது. கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மேலேயிருந்து அந்தச் சரக் சரக் சத்தம் வருகிறதா என்று காது மட்டும் படியிலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கே தெரிந்தது, நான் கண்ணால் செய்ததைக் காதால் செய்துகொண்டிருக்கிறேன். சத்தம் எதுவும் வரவில்லை. அவள் அறையில் படுத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தாள். போய்ப் பிடுங்குவதா, விடுவதா என்று தெரியாமல் கீரையை ஆய்ந்து முடித்தேன்.

கொட்டைகளை என்ன செய்வது என்பது ஒரு கஷ்டமாகிவிட்டது. அவள் கையில் கொடுத்தால் பையைத் துழாவியதாகிவிடும். வைத்துக்கொண்டால் எடுத்துக்கொண்டதாகிவிடும். போன வியாழக்கிழமை, அவள் ஹிந்தி வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில், மூன்றையும் கடைசிப் படியின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணி எடுக்கப் போனபோது அங்கே ஒன்றும் இல்லை. அவள் எடுத்தாளா, படி கூட்டுகிற அக்கா பெருக்கித் தள்ளினாரா தெரியாது. படியில் புதிதாகத் தேய்த்த தடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். சிமெண்டில் பழுப்பாக ஒரு தீற்றல் தெரிந்தது. பழசாகவும் இருக்கலாம்.

கேட்டுவிடலாம். எப்படிக் கேட்டாலும் அது 'என்ன பண்ற' என்பதாகத்தான் முடியும் என்று தோன்றுகிறது. கேட்காமலே இருந்தால், என் அம்மாவுக்குத் தட்டு இருந்த மாதிரி எனக்கு ஒரு காரணமும் இல்லை. அது கண்டுகொள்ளாமை ஆகிவிடாதா என்றும் தோன்றுகிறது. மூன்றாவது கொட்டை முழுக்கத் தேய்ந்ததா, நாலாவது கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. அந்த ஆசை அக்கறையா, கண்காணிப்பா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. துணியை மடித்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தேன். கூடத்தில் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காதது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.