சிறிய கலாசாலையின் அபிமானி

ஒரு கலாசாலையில் படித்தவனுமல்ல, தன் பிள்ளையை அங்கே படிக்க வைத்தவனுமல்ல, காலில் சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு பனித்தரையில் பத்தடி தூரம் விழாமல் போகத் தெரிந்தவனுமல்ல. அப்படிப்பட்ட ஒருவன், அந்தக் கலாசாலையின் ஐஸ் ஹாக்கி அணி வென்ற இரவில் தன் வீட்டிலேயே ஏதோ விசேஷம் நடந்துவிட்டாற்போலப் பூரித்துப் போவது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று என் சிநேகிதர் ஒருவர் கேட்பதுண்டு. ரசிகனின் பெருமை இரவல் நகை. உடையவன் கேட்டால் கழற்றிக் கொடுக்க வேண்டியதுதான் என்பது அவர் கட்சி. எனக்கு அதில் பாதி சம்மதம் உண்டு. மற்றப் பாதியைப் பற்றித்தான் யோசனை.

உத்தியோக நிமித்தமாக வந்து நான் தங்கிவிட்ட ஊர் நியூயார்க் ராஜ்யத்தில், மோஹாக் நதிக்கரையில் உள்ள ஸ்கெனெக்டடி. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி பிறந்து வளர்ந்த ஊர். அதன் நடுவே, 1795ஆம் வருஷம் ஸ்தாபிக்கப்பட்ட யூனியன் கலாசாலை, பதினாறு முகம் கொண்ட ஒரு விசித்திரமான மண்டபத்தைத் தன் நடு முற்றத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாயிரத்துச் சொச்சம் மாணவர்களுடன் அடக்கமாக இருந்து வருகிறது. மின்சார சாஸ்திர மேதையான சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் அங்கே ஆசிரியராக இருந்தவர். அமெரிக்கக் கலாசாலைகளின் விளையாட்டு உலகம் மூன்று படிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது; மேற்படியில் பெரிய சர்வகலாசாலைகளும், கீழ்ப்படியில், விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளம் கொடுக்காத சின்னஞ்சிறு ஸ்தாபனங்களும் இருக்கின்றன. யூனியன் மற்ற எல்லா விளையாட்டிலும் மூன்றாம் படிதான். ஹாக்கியில் மட்டும், 1991ஆம் வருஷம் முதல், மேற்படியில் ஏறி நின்று ஆடுகிறது.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்பது ரஸமான விஷயம். மேற்படியில் ஐஸ் ஹாக்கி ஆடும் கலாசாலைகள் நாடு முழுவதிலும் அறுபதுக்குச் சற்று மேல்; கூடைப்பந்து ஆடுபவை முந்நூற்றைம்பதுக்கும் மேல். பெரிய சர்வகலாசாலை ஒன்று தன் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு நெடுங்காலம் எண்பத்தைந்து பேருக்கு உபகாரச் சம்பளம் கொடுத்து வந்தது. ஹாக்கிக்கு விதி அனுமதித்ததோ பதினெட்டுத்தான். களத்தில் ஒரு சமயத்தில் நிற்பவர் காவலாளியையும் சேர்த்து ஆறு பேர். அந்தக் காவலாளி ஒருவன் தன் நல்ல நாளில் நிமிர்ந்துவிட்டால், எதிரணியின் கீர்த்தியும் கஜானாவும் அவனைத் தாண்டிப் போக மாட்டா. போதாததற்கு, பெரிய இடங்கள் பதினெட்டு வயதுப் பிரதிபாசாலிகளைத் தேடிப் பிடிக்க, சிறிய இடங்கள் ஜூனியர் லீக்குகளில் இரண்டு மூன்று வருஷம் அடிபட்டு முதிர்ந்து வரும் இருபது, இருபத்தொரு வயதுப் பையன்களைச் சேர்த்துக்கொள்கின்றன. அந்தப் பிரதிபாசாலிகள் இரண்டாம் வருஷமே தொழில்முறை அணிகளுக்குப் பறந்துவிட, இந்தப் பையன்கள் நான்கு வருஷமும் ஒன்றாக இருந்து ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்தவர்களாகி விடுகிறார்கள். கடைசிப் பந்தயங்களோ ஒரே ஆட்டத்தில் முடிவாகிறவை.

2014ஆம் வருஷம் ஏப்ரல் 12ஆம் தேதி பிலடெல்பியாவில், தேசிய இறுதி ஆட்டத்தில் நடந்தது இதுதான். எதிரே மினசோட்டா சர்வகலாசாலை. சுமார் ஐம்பதாயிரம் மாணவர்கள், அதற்கு முன்னரே ஐந்து முறை தேசிய வெற்றி. முதல் கோல் அவர்களுடையது. பிறகு முதற்பகுதியிலேயே, இரண்டு நிமிஷத்துக்குள் யூனியன் மூன்று கோல் போட்டது. ஷேன் காஸ்டிஸ்பேர் என்ற தற்காப்பு வீரர் களத்தில் நின்ற நேரத்தைக் கணக்கிட்டால், யூனியன் போட்ட கோல்கள், வாங்கியவற்றைவிட ஏழு அதிகம். அப்படி ஒரு கணக்கை இறுதி ஆட்டத்தில் காண்பது அபூர்வம். முடிவு ஏழுக்கு நான்கு. விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளம் ஒன்றுகூட அப்போது கொடுக்காத கலாசாலை தேசிய வெற்றி பெற்றது. அதற்கு மூன்று வாரம் முன்னர்தான், அதே ராஜ்யத்தின் வடகோடியில் உள்ள பாட்ஸ்டாம் என்ற சிற்றூரின் கிளார்க்ஸன் கலாசாலைப் பெண்கள், அதே மினசோட்டாவின் பெண்கள் அணியை ஐந்துக்கு நான்கு என்று வென்று தேசிய பட்டம் பெற்றிருந்தார்கள். ஒரே வசந்தத்தில் மினசோட்டாக்காரர்களுக்கு இரட்டைத் துக்கம். நான் அவர்களுக்காக வருந்தினேன் என்று சொன்னால் அது உபசார வார்த்தை.

ஆனால் இங்கே சிநேகிதர் குறுக்கிடுவார். அவர் குறுக்கிடுவது நியாயமும் கூட. யூனியன் சிறியதே தவிர எளியதல்ல. சம்பளம் கட்டிப் படிப்பவர்களின் கலாசாலை அது. அந்தச் சம்பளத் தொகையைக் கேட்டால் நடுத்தரக் குடும்பஸ்தனுக்குத் தலை சுற்றும். மினசோட்டாவோ குடியானவன் பிள்ளையும் தொழிலாளி பிள்ளையும் படிப்பதற்காக ராஜ்யம் நிறுவிய சர்வகலாசாலை. அதன் ஹாக்கி அணி வெகுகாலம் பெரும்பாலும் அந்த ராஜ்யத்துப் பையன்களையே வைத்து ஆடியது. அப்படியிருக்க, இதில் யார் எளியவன், யார் வலியவன்? சிறியவன் பெரியவனை வென்றான் என்று நாம் கொண்டாடும்போது, உண்மையில் தனவந்தர் வீட்டுப் பிள்ளைகள் குடியானவர் பிள்ளைகளை வென்றதைக் கொண்டாடுகிறோமோ? இந்தக் கேள்விக்கு முழுச் சமாதானம் என்னிடம் இல்லை. சிறுமையைப் பாக்கியமாகவும் பெருமையைப் பாவமாகவும் எண்ணும் ரசிக மனோபாவம் எனக்கும் பிடிக்காத ஒன்று. தோற்றால் பணமில்லாததால் தோற்றோம், வென்றால் குணத்தால் வென்றோம் என்று இரண்டு பக்கமும் லாபக் கணக்கு எழுதுகிறவர்கள் எங்கள் ஊரில் ஏராளம்.

ஆகவே என் அபிமானத்துக்குக் காரணம் பலவீனர்மீது உள்ள பச்சாத்தாபம் அல்ல. வேறென்ன என்று தேடினால், என் நினைவு, 2025 வரை யூனியன் ஆடிய மெஸா ரிங்க் என்ற பழைய அரங்கத்துக்குத்தான் போகிறது. 1975ஆம் வருஷம் கட்டியது. உட்காரச் சுமார் இரண்டாயிரத்து இருநூறு இடம். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கால்விரல் மரத்துப் போகும். கம்பளிக் கையுறை போட்ட கைகளால் தட்டினால் ஓசை எழும்பாது. ஆகையால் ஜனங்கள் காலால் தரையை உதைத்து ஆரவாரிப்பார்கள். பகுதிக்கும் பகுதிக்கும் இடையே ஸாம்போனி என்ற அந்தப் பருமனான இயந்திரம் நீள்வட்டமாகச் சுற்றி வந்து, கீறலும் வெள்ளைத் தூளுமாய்க் கிடந்த பனித்தரையைப் பளிங்காக்கிவிட்டுப் போகும். அதைப் பார்ப்பதற்காகவே குழந்தைகள் கண்ணாடித் தடுப்பில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்தத் தடுப்பில் தோளால் மோதி விழுந்து எழுந்த பையனை மறுநாள் காலை மளிகைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் பார்த்தேன்: கையில் ஒரு டஜன் முட்டை, மோவாயில் தையல். நேற்றைய ஆட்டம் நன்றாயிருந்தது என்றேன். இரண்டாம் பகுதியில் தான் விட்ட ஒரு பந்தைப் பற்றி, ரப்பர் வில்லையைத்தான் சொல்கிறேன், அவனே விஸ்தாரமாகக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டான். இருபதினாயிரம் பேர் கூடும் அரங்கத்தில் ஒருவன் வராவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அங்கே என் இடம் காலியாயிருந்தால் பக்கத்து ஆசனத்துக் கிழவர் அடுத்த வாரம் காரணம் கேட்பார். கணக்கில் சேர்த்துக்கொள்ளும்படியான அளவில் இருந்தது அந்த இடம், என்னையும் சேர்த்துக்கொண்டது.

கணக்கில் சேர்ந்தவனுக்குக் கடனும் சேர்கிறது. 2004ஆம் வருஷம் ஜனவரியில், மூன்றாம் படிக் கலாசாலைகளின் மகாநாடு நாஷ்வில் நகரில் கூடியபோது, மேற்படியில் ஓரிரு விளையாட்டை மட்டும் ஆடிக்கொண்டு அதற்கு உபகாரச் சம்பளமும் கொடுத்து வந்த எட்டு ஸ்தாபனங்களின் உரிமையைப் பறிக்க ஒரு தீர்மானம் வந்தது. கிளார்க்ஸன், செயின்ட் லாரன்ஸ், கொலராடோ கலாசாலை, எங்கள் ஜன்ம வைரியான ட்ராய் நகரத்து ரென்ஸெலர் எல்லாம் அதில் அடக்கம். அந்த உரிமையை நிலைநிறுத்திய திருத்தம் வாக்கெடுப்பில் ஜெயித்தது. இதில் யூனியனுக்கு நேரிடையான லாபம் ஒன்றுமில்லை. ஆனாலும் ரென்ஸெலர் இல்லாத ஹாக்கியை யூனியன்காரன் நினைத்துப் பார்க்க முடியாது. அலாஸ்காவில் ஆங்கரேஜ் சர்வகலாசாலையின் ஹாக்கி அணிக்கு மூடுவிழா நிச்சயமாகிவிட்ட பிறகு, அபிமானிகள் முப்பது லட்சம் டாலர் திரட்டி 2022ஆம் வருஷம் அதை மறுபடி பனித்தரையில் இறக்கினார்கள். தெற்கே அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் அணியோ 2021ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. அவர்களுக்கு அபிமானம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. சேர்த்துக்கொள்ள ஒரு லீக் கிடைக்கவில்லை. அபிமானத்தால் எல்லாம் ஆகிவிடாது.

யூனியனின் சரித்திரத்திலும் ஓர் அத்தியாயம் உண்டு. வெற்றிக் கோப்பையைவிட அதைத்தான் நான் அடிக்கடி நினைக்கிறேன். ரென்ஸெலருக்கு 1954இல் தேசிய வெற்றி தேடித் தந்தவரும் (அப்போது தோற்றதும் மினசோட்டாதான்), பிறகு கார்னெல் அணியை 1970இல் ஒரு தோல்வியும் இல்லாமல் நடத்தியவருமான நெட் ஹார்க்னஸ், 1975இல் யூனியனின் புதிய அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். இரண்டே வருஷத்தில் நிர்வாகத்தோடு பிணக்கு ஏற்பட்டு ராஜிநாமாச் செய்தார். அணியினரும் அவர் பின்னே விலகினார்கள். எஞ்சிய பருவத்துக்குக் கிடைத்த மாணவர்களை வைத்து ஆடி உதை வாங்கினார்கள். அவர்களில் ஒருவரையும் சரித்திரம் நினைவில் வைக்கவில்லை. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே ஒவ்வொரு சனிக்கிழமையும் காலணியின் நாடாவை இறுக்கிக் கட்டிய அந்தப் பையன்கள் இல்லாவிட்டால், 2014 என்ற ஒன்று வந்திருக்குமோ என்பது எனக்குச் சந்தேகம்.

இப்போது காலம் வேறு. ஒரு கலாசாலையில் சேர்ந்தவன் அடுத்த வருஷமே இன்னொன்றுக்கு மாறலாம். ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்கலாம். கனடாவின் மேஜர் ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களுக்கும் 2025 முதல் கதவு திறந்துவிட்டது. பையன்களுக்கு இவையெல்லாம் நியாயமே. அவர்கள் உழைப்பில் பிறர் சம்பாதித்த காலத்தைவிட இது மேல். ஆனால், நான்கு வருஷம் சேர்ந்திருந்து முதிர்வது என்ற சிறிய இடங்களின் ஒரே ஆஸ்தி இதனால் கரைகிறது. இரண்டு வருஷம் நாம் வளர்த்த பையனை மூன்றாம் வருஷம் பெரிய சர்வகலாசாலை அழைத்துக்கொள்கிறது. துரோகம் என்று ஆத்திரப்படும் ரசிகர்களோடு நான் சேர்வதில்லை. கோப்பை வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. 2014 போல ஒன்று என் ஆயுளில் இனி வராமற் போகலாம். வாயிலை அடைக்காமல், பதினாறு அணிகள் கூடும் அந்தக் கடைசிப் பந்தயத்துக்கு எல்லாரையும் ஒரே விதியின்கீழ் அனுமதித்தால் போதும். போன பையன் போன இடத்தில் கோல் போட்டால் நான் கைதட்டுவேன். யூனியனுக்கு எதிராகப் போட்டால் மட்டும், கையுறையைக் கழற்றாமல் தட்டுவேன்.