செவ்வாயிலிருந்து வந்த சாட்சி

செவ்வாய் என்ற சொல் செவியில் விழுந்ததும் நம் வீடுகளில் சாதகக் கட்டு அவிழ்கிறது. இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, பன்னிரண்டு என இடங்களை எண்ணி, பட்டம் பெற்ற பெண்ணின் திருமணத்தையும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். அந்தக் கோள் செய்த குற்றம் யாது? அவள் செய்த குற்றந்தான் யாது?

அந்தச் செவ்வாயின் துண்டொன்று, 1865 ஆகஸ்டு 25 அன்று, பீகாரில் கயைக்கு அருகிலுள்ள ஷெர்காட்டியில் வந்து விழுந்தது. எடை ஏறத்தாழ 5 கிலோ. மூதாதையருக்குப் பிண்டம் வைக்க நாடெங்கிலுமிருந்து மக்கள் திரளும் கயைக்குப் பக்கத்திலேதான்! கல்லைக் கையிலெடுத்து ஆராய்ந்தவர்கள் தோஷம் எதையும் கண்டாரில்லை. அவர்கள் கண்டது எரிமலைக் குழம்பு உறைந்த பாறை.

அது செவ்வாயின் கல்லென்று எங்ஙனம் தெரியும்? நல்ல கேள்வி. சோதிடரிடம் கேட்க நாம் மறந்துவிடும் கேள்வியும் இதுவே. 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் அங்குள்ள காற்றை அளந்தன. ஷெர்காட்டிக் கல்லின் இனத்தைச் சேர்ந்த மற்றொரு கல் அண்டார்க்டிகாவின் பனிப்பரப்பில் கிடைத்தது. அதனுள் கண்ணாடித் துளிகளில் சிறைப்பட்டிருந்த வாயுவை 1983-இல் ஆராய்ந்தனர். அங்கே அளந்த காற்றும் இங்கே அடைபட்ட வாயுவும் ஒத்திருந்தன.

எறிந்தவர் யார்? எவருமில்லை. விண்ணில் திரியும் பெரும்பாறை ஒன்று செவ்வாயின்மீது மோதுகிறது. அக்கோளின் பிடியிலிருந்து விடுபட, ஒரு கல் நொடிக்கு 5 கிலோமீட்டர் வேகம் பெற்றாக வேண்டும். துப்பாக்கிக் குண்டின் வேகத்தைப்போல் பல மடங்கு! அத்தகைய அடியில் கல் உருகி ஆவியாகாதோ என ஐயுற்றோர் உண்டு. மோதிய இடத்தில் ஆகத்தான் செய்யும். ஆனால், சற்று விலகி, மேற்பரப்பை ஒட்டிக் கிடக்கும் பாறையின் கதை வேறு. கேரம் பலகையில் வரிசையாக ஒட்டிவைத்த காய்களின் ஒரு முனையில் அடித்தால், மறுமுனைக் காய் தெறித்து ஓடுவதைக் கண்டிருக்கிறோமே, அதுபோல, அதிர்ச்சி அலை மேற்பரப்பைத் தொட்டுத் திரும்பும்போது, அங்குள்ள பாறை பெரிதும் நசுங்காமலே பிய்ந்து பறக்கிறது. 1984-இல் மெலோஷ் என்னும் அறிஞர் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். அப்புறம் கதிரவனைச் சுற்றி நெடும் அலைச்சல். அவ்வலைச்சலில் விண்கதிர்கள் கல்லில் பதித்த தடத்தைக் கொண்டே பயணக் காலத்தையும் கணிக்கிறார்கள். 1984-இல் அண்டார்க்டிகாவில் எடுத்த கல்லொன்று ஏறத்தாழ 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டு, 13,000 ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்து சேர்ந்ததாம்.

பகுத்தறிவு பேசும் நாம் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். 1492-இல் என்சிஷைம் ஊரில் விழுந்த கல்லை இறைவனின் அடையாளம் என்றான் மன்னன் மாக்சிமிலியன். கல் தேவாலயத்துக்குப் போயிற்று. அது மூடத்தனம். ஆனால் 1768-இல் பிரான்சின் லூசேயில் கல் விழக் கண்டோம் என்று உழைப்பாளிகள் உரைத்தபோது, அறிவியற் கழகத்தார் அதனை ஏற்றார்களா? இல்லை. மின்னல் தாக்கிய மண்ணுலகக் கல்லே அது என்றனர். அவர்களுள் ஒருவர் லவாய்சியர்! மூடநம்பிக்கையை வெறுத்த வேகத்தில், கண்டவன் சொல்லையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். 1803-இல் லேகிள் வட்டாரத்தில் ஏறத்தாழ 3,000 கற்கள் பொழிந்தபின், பியோ என்பார் ஊர் ஊராய்ப் போய், குடியானவரைக் கேட்டு, கற்களைப் பொறுக்கி ஒப்பிட்டு அறிக்கை எழுதினார். வழக்கு தீர்ந்தது.

அந்த 1984-ஆம் ஆண்டுக் கல்லில் பண்டை உயிரின் சுவடு இருக்கலாம் என்று 1996-இல் அமெரிக்க அறிஞர் சிலர் அறிவித்தனர். படைப்புக் கதைகளை மறுக்கும் நமக்கு அது தேனான செய்தி. என்றாலும், உயிரின்றியே அத்தடங்கள் உண்டாகக்கூடும் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. ஆகவே, தேனாயினும் அதனை நாம் மேடையில் பரிமாறப் போவதில்லை.

கல் வேறு, கிரகத்தின் பார்வை வேறு என்று சோதிடர் சாதிப்பார். இருக்கட்டும். கல்லின் வயதையும் வாயுவையும் அளந்தவர்கள், அளந்த முறையை எழுதிவைத்திருக்கிறார்கள். ஐயமுற்றவர் மீண்டும் அளந்து பார்க்கலாம். பார்வையை அளக்கும் கோல் எது? பெண்ணைப் பெற்றவர், தட்சணை வைக்குமுன் இதனைக் கேட்கட்டும்.