பட்டவன் சொல் அம்பலம் ஏறுமா?

ஊர் உறங்கும் வேளையில் விழித்துக்கொள்வது திருச்சி காந்தி மார்க்கெட். நள்ளிரவில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், மூட்டைகள் இறங்கும், சும்மாடு கட்டிய தலைகள் சந்துக்குள் புகுந்து புறப்படும், விலை கூறும் குரலும் வழி கேட்கும் குரலும் ஒன்றையொன்று மோதும். அத்தகைய ஓர் இரவில் நாம் கண்ட காட்சி இது.

மண்டி ஓரத்தில் ஓர் இளைஞன். காதுகளைப் பொத்திக்கொள்கிறான், நம் கண்ணுக்குத் தெரியாத யாரிடமோ மன்றாடுகிறான், நெருங்கினால் கல்லை ஓங்குகிறான். கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் கூடினால் தீர்ப்புக்குப் பஞ்சமா? "பேய் பிடித்திருக்கிறது, வேப்பிலை அடிக்க வேண்டும்" என்றது ஒரு குரல். "கயிறு கொண்டு வா, கட்டிப் போடு" என்றது மற்றொன்று. "போலீசைக் கூப்பிடு" என்றது மூன்றாவது.

பகுத்தறிவு பேசும் நாம் என்ன செய்தோம்? "பேயாவது, பிசாசாவது! இது நோய்" என்று முதல் குரலுக்கு மறுப்புரை நிகழ்த்தினோம். மறுப்பு சரியானதே. ஆனால், அந்த இளைஞனுக்கு அதனால் இம்மியளவேனும் பயன் விளைந்ததா? இல்லை!

பயன் விளைவித்தவர் வேறொருவர். ஐம்பதைக் கடந்த சுமை தூக்கும் தொழிலாளி. தலைச் சுமையை இறக்கி வைத்தார். கூட்டத்தைப் பின்னுக்குப் போகச் சொன்னார். டார்ச் விளக்குகளை அணைக்கச் சொன்னார். பத்தடி தள்ளித் தரையில் அமர்ந்தார். நெடுநேரம் பேசவே இல்லை. பிறகு, "தம்பி, சாப்பிட்டியா?" என்றார். சற்றுப் பொறுத்து, "தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றார். இன்னும் சற்றுப் பொறுத்து, மெல்லிய குரலில், "எனக்கும் கேட்டுச்சு, தம்பி. வருஷக்கணக்கா கேட்டுச்சு. இப்ப மாத்திரை சாப்பிடறேன், மூட்டை தூக்கறேன்" என்றார்.

கல் கீழே விழுந்தது! பொழுது விடிந்தபோது, இருவரும் தேநீர் அருந்திவிட்டு, புத்தூரிலுள்ள அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் ஏறினர்.

அந்தத் தொழிலாளிக்குப் பட்டம் இல்லை, பதவி இல்லை. எனினும், அவர் அன்று செய்த வேலைக்கு அயல்நாடுகள் சிலவற்றில் பெயர் உண்டு, பயிற்சி உண்டு, சம்பளமும் உண்டு. மன நெருக்கடியில் தவிப்பவர் இருக்கும் இடத்துக்கே தேடிச் செல்லும் நடமாடும் குழுக்கள் அங்கே இயங்குகின்றன. அவற்றில், மருத்துவப் பணியாளரோடு, அதே துன்பத்தைத் தாமே பட்டு மீண்டவர் ஒருவரும் செல்வதுண்டு. அவரைப் பட்டறிவுத் துணைவர் என்று நாம் அழைப்போம். தமிழில் அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறதே! படித்து அறிவது படிப்பறிவு. பட்டு அறிவது பட்டறிவு.

ஆனால், இங்கே நம்மை மடக்கும் கேள்வி ஒன்று எழுகிறது. அதைக் கண்டு நழுவுவது பகுத்தறிவாளருக்கு அழகல்ல. "நான் அனுபவித்தேன், ஆகவே அது உண்மை" என்று பக்தர் சொல்லும்போது, "உமது அனுபவம் சான்று ஆகாது" என்று அடித்துச் சொல்பவர்கள் நாம். அப்படியிருக்க, மனநோய் பட்டவரின் அனுபவத்துக்கு மட்டும் அறிவின் அவையில் நாற்காலி போடலாமா? இது முரண்பாடல்லவா?

முரண்பாடு அல்ல. அனுபவம் இரண்டு விதமாகப் பேசும். "எனக்கு இப்படி இருந்தது" என்பது ஒன்று. "ஆகவே உலகம் இப்படித்தான் இயங்குகிறது" என்பது மற்றொன்று. முன்னதற்குப் பட்டவனே முதற்சாட்சி. அவனை விலக்கிவிட்டு அந்த வழக்கை விசாரிக்கவே முடியாது. பின்னதற்கோ, பட்டவனும் மற்றவரைப் போல மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவன். பூசாரி, முன்னதைக் காட்டிப் பின்னதை விற்கிறார். நம் தொழிலாளி அப்படிச் செய்தாரா? "குரல் கேட்டது" என்றார். அது எந்தத் தேவதையின் குரல் என்று சொல்லவில்லை. தாம் உண்ணும் மாத்திரையை எடுத்து நீட்டவும் இல்லை. மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அவர் அறிந்தது வேறு. முகத்தில் அடிக்கும் வெளிச்சம் அச்சத்தை எப்படிப் பெருக்கும், சூழ்ந்து நிற்கும் கால்கள் எப்படிச் சிறைக் கம்பிகளாகும், "ஒன்றுமில்லை, எல்லாம் பிரமை" என்ற ஆறுதல் மொழி எப்படிச் சுடும் என்பதை அவர் அறிவார். இதை அறிவல்ல என்று எந்த அறிவு சொல்லும்?

வரலாறும் இதற்குச் சான்று தருகிறது. பாரிசு நகரத்துப் பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளிகளின் சங்கிலிகளை 1797இல் அகற்றியவர் யார்? புகழெல்லாம் மருத்துவர் பினேலுக்குச் சென்றது. சங்கிலி களையும் கோலத்தில் அவரையே ஓவியம் தீட்டினர். ஆனால், பிசேத்ரில் அச்செயலைச் செய்தவர் பியூசேன். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். கண்டமாலை நோய்க்காக அதே மருத்துவமனையில் நோயாளியாகக் கிடந்து, நலமடைந்து, அங்கேயே பணியாளராகி, மேற்பார்வையாளராக உயர்ந்தவர். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள, நலமடைந்த நோயாளிகளையே அவர் பணியில் அமர்த்தினார். அவர்கள் அடிக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அடியின் வலி அறிந்தவர்களாயிற்றே!

அங்கே சங்கிலி அறுந்து இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்பும், இங்கே நிலை என்ன? 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. கொட்டகைக்குள் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளைத் தீ சூழ்ந்தது. ஓட முடியவில்லை, 28 உயிர்கள் கருகின. அந்தச் சாம்பலிலிருந்து தமிழகம் பாடம் கற்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடை விதித்தது. ஆதரவற்றுத் திரியும் மனநோயாளியைக் காவலர் தம் பாதுகாப்பில் எடுக்கலாம். ஆனால் கொட்டடியில் அடைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும் என்றது. மறுஆய்வு வாரியங்களில் மனநோய் பட்டவர்களும் அமர வழி செய்தது. ஆம், பட்டவன் சொல் அம்பலம் ஏறலாம் என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது!

சட்டம் ஏற்றியது, சமுதாயம் ஏற்றியதா? பிறரைக் கேட்குமுன் நம்மையே கேட்டுக்கொள்வோம். மேடையில் எதிராளியை வீழ்த்த நம் நாவில் எளிதில் வரும் சொல் எது? "பைத்தியக்காரன்!" பிறப்பின் பெயரால் ஒருவனை இழிவு செய்வதைப் பொறுக்காத நாம், நோயின் பெயரை வசைச் சொல்லாக வீசுகிறோம், கைதட்டலும் பெறுகிறோம். அந்தக் கைதட்டலுக்கு நடுவே, தன் நோயை மறைத்துக்கொண்டு தலைகுனிந்து அமர்ந்திருக்கும் தோழன் ஒருவன் இருக்கக்கூடும் என்று எண்ணினோமா?

இன்னொன்றும் கேட்போம். திருச்சிக்கு அருகே குணசீலம் கோயிலில், மனநோயாளிகளை 48 நாள் தங்கவைக்கும் வழக்கம் உண்டு. நாம் எள்ளி நகையாடுகிறோம். ஆனால், தமிழகத்தின் வேறொரு கோயிலில் தங்கிய 31 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன! தெய்வம் குணப்படுத்திற்று என்று அவர்கள் எழுதவில்லை. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே துணை செய்திருக்கும் என்று கருதினார்கள். கல் இரங்கவில்லை, கட்டாமல், அடிக்காமல், உடனிருந்த மனிதர்கள் இரங்கினார்கள். சிறிய ஆய்வுதான், மருந்துக்கு மாற்று என்று அதைக் கொள்ளலாகாது. ஆயினும் அது நம்மைக் குத்துகிறது. கோயிலுக்குப் போகாதே என்று இடித்துரைக்கத் தெரிந்த நாம், போவதற்கு வேறோர் இடம் அமைக்கத் தெரிந்தோமா?

தமிழகத்தில் மாவட்ட மனநலத் திட்டம் 1997இல் முதன்முதல் தொடங்கியது இதே திருச்சி மாவட்டத்தில்தான். இப்போது 14416 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது. நல்லதே. ஆனால், காதைப் பொத்திக்கொண்டு நிற்பவன் எண்ணை அழுத்துவானா? அவனிடம் யாராவது செல்ல வேண்டும். செல்பவருள் பட்டவர் ஒருவர் இருக்க வேண்டும்.

"நோயாளியை அனுப்பி நோயாளியைக் காப்பதா? அவர் மீண்டும் விழுந்துவிட்டால்?" என்று கேட்பவர் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிறர் புண்ணைத் தொடும் கை, தன் பழைய புண்ணையும் தொடுகிறது. ஆகவேதான் அவருக்குப் பயிற்சி வேண்டும், ஓய்வு வேண்டும், தம் பாரத்தை இறக்கி வைக்கத் துணை வேண்டும் என்கிறோம். தம் கதையை எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை அவருடையதாகவே இருக்க வேண்டும். அவர் மருந்து எழுத வரவில்லை. மருத்துவர் வரும்வரை மனிதன் ஒருவன் அருகில் இருக்கிறான் என்று காட்ட வருகிறார். தொண்டு என்று புகழ்ந்துவிட்டுக் கூலியை மறுப்பது சுரண்டலே! இரவெல்லாம் மூட்டை தூக்கினால் கூலி உண்டு. ஓர் உயிரின் பாரத்தைத் தூக்கினால் நன்றியுரை மட்டும்தானா?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். தனக்கு வந்தவனை நாம் இதுநாள்வரை கேட்கவே இல்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்ற பழமொழியைப் பொய்யாக்கப் புறப்பட்டவர்கள் நாம். பட்டவன் சொல்லையும் ஏற்றுவோம்.

அந்த இளைஞனை மீண்டும் பார்த்தோமா என்று கேட்பீர்கள். இல்லை. தொழிலாளியைப் பார்த்தோம். மறுநாள் இரவு, அதே மண்டி, அதே சும்மாடு. "நேற்று அரை இராத்திரிக் கூலி போச்சே, ஐயா?" என்று கேட்டோம். சிரித்தார். "எனக்கு அன்னிக்கு யாரும் பக்கத்துல உட்காரல, தம்பி" என்றார். அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்.