மலை கற்றுத்தந்த தமிழ்

இங்கிலாந்தில் தமிழரல்லாதோரில் தமிழ் கற்போர் இன்றும் மிகச் சிலரே. நூறாண்டுகளுக்கு முன் நிலைமை எப்படி இருந்திருக்கும்!

அந்தக் காலத்தில்தான் இங்கிலாந்திலிருந்து வந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் கொல்லிமலையில் குடியேறினார்கள். மருத்துவம் பார்த்தார்கள், பள்ளி நடத்தினார்கள். தமிழ் இல்லாமல் இதில் எதுவுமே நடந்திருக்காது. நோயாளி அகராதியைப் பார்த்தா பேசுவார்? “மேலெல்லாம் கடுக்குது”, “வயித்தைப் பொரட்டுது” என்பார். ‘காய்ச்சல்’, ‘வலி’ என்ற இரண்டு சொற்களோடு வந்த மருத்துவருக்குப் பாதி நோய் பிடிபடாது. அந்த மிச்சப் பாதியைக் கற்றுத்தர ஊர்க்காரர்களே ஆசிரியர்கள்.

அவர்கள் மகன் பால் 1914இல் பிறந்தார். பெற்றோர் பெரியவர்களாகி முயன்று படித்த மொழி, அவருக்கு மலைப் பிள்ளைகளோடு விளையாடும்போதே வந்தது. ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து சென்றவர், 1946இல் அறுவை மருத்துவராக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் சிகிச்சையில் உலகப் புகழ் பெற்றார்.

ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லினோ ஓய்வு வயதைக் கடந்த பிறகும் மலைக்கே திரும்பினார். குதிரையேறி ஊர் ஊராகப் போனார். 1974இல், 95 வயதில் மறைந்தார். கொல்லிமலையில் கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் தமிழ் வகுப்புகள் நடக்கின்றன. அங்கே படிப்பவர்கள் ஒரு பருவமாவது கொல்லிமலை போன்ற, தமிழ் பேசும் ஓர் ஊரில் தங்கிப் பேசிப் பழக வழி செய்ய வேண்டும்.