ஓய்வும் பயணமே

கால் மிதித்தால் சைக்கிள் நகரும். கால் ஓய்ந்தால்தான் பயணம் நீளும்.

மூன்று வாரம், 21 கட்டங்களாக நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியிலும் வழக்கமாக இரண்டு ஓய்வு நாட்கள் உண்டு. உலகின் வலிய கால்களுக்கே தேவைப்படும் ஓய்வைக் கேட்க நாம் ஏன் கூச வேண்டும்?

சென்னையிலிருந்து குமரிக்கு நண்பர்களோடு சைக்கிளில் செல்பவர் மதுரையை அடையும்போது சுமார் 460 கி.மீ. கடந்திருப்பார், இன்னும் 240 கி.மீ.க்கு மேல் இருக்கும். கடந்த தூரம் பெருமை தரும். கடக்கவேண்டிய தூரம் நிதானம் கேட்கும்.

மிதிக்கும்போது தசை களைக்கிறது. உறங்கும்போது அது தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது. மழைநீரைக் கண்மாயில் தேக்கி வைத்ததால் மதுரையைச் சுற்றியுள்ள வைகைச் சமவெளி விளைந்தது. உடலின் வலுவும் தேங்கினால்தான் உதவும்.

சாலையில் வரிசையாகச் செல்லும்போது நண்பரின் முதுகுதான் தெரியும். நின்று அமரும் நாளில்தான் முகம் தெரியும். அதில் களைப்பும் தெரியும். அதை முதலில் வாய்விட்டுச் சொல்பவர், சொல்லத் தயங்கும் மற்றவரையும் காக்கிறார்.

குழுவின் வேகத்தைக் கடைசியில் வருபவரே தீர்மானிக்கட்டும். அவர் களைப்பாற ஒரு நாள் கொடுங்கள். சேர்ந்து புறப்பட்டவர்கள் சேர்ந்தே போய்ச் சேரவேண்டும்.