இழப்பு ஈகையாகுமா?

நிலைத்து நிற்பதையே மாந்தர் பெரிதும் போற்றுவர். உறுதியுடையாரை மலைக்கு ஒப்பிடுவதும், பொறுமையுடையாரை நிலத்திற்கு ஒப்பிடுவதும் தமிழ் மரபு. காற்று வீசி ஓயும். நீர் ஓடி வற்றும். தீ எரிந்து அணையும். நிலம் மட்டும் இருந்தவாறே இருக்கும் என்பது நெடுங்கால நம்பிக்கை. அந்நம்பிக்கையை அசைக்கும் செய்தி ஒன்றை இந்நூற்றாண்டின் வானியல் தந்துள்ளது. நிலமும் ஆவியாகும், பாறையாலான ஓர் உலகமே சிறிது சிறிதாகக் கரைந்து, தன் பின்னே தூசியாலான நெடிய வாலொன்றை விட்டுச் செல்லும் என்பதே அச்செய்தி.

ஞாயிற்றைப் போன்ற வேறொரு விண்மீனைக் கோள் ஒன்று சுற்றுவதை 1995ஆம் ஆண்டில் மிசெல் மேயர், திதியே கெலோ ஆகிய இருவரும் கண்டறிந்தனர். அதன்பின் இத்தகைய புறக்கோள்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் பெருகி, 2025ஆம் ஆண்டில் 6,000ஐ எட்டியது. இவற்றுள் பெரும்பாலானவற்றை எவரும் நேரிற் கண்டதில்லை. தொலைவில் எரியும் விளக்கின் முன் ஒரு விட்டில் பறந்து சென்றால், விளக்கொளி ஒரு நொடி மங்கும். விட்டிலைக் காண இயலாதவனும் அந்த மங்கலைக் கொண்டு அதன் வரவை உணரலாம். அவ்வாறே விண்மீனின் ஒளி முறைதவறாமல் மங்குவதைக் கொண்டு, அதன் முன்னே கோள் ஒன்று கடந்து செல்வதை ஆய்வாளர் அறிகின்றனர். 2009ஆம் ஆண்டில் ஏவப்பட்ட கெப்ளர் விண்தொலைநோக்கி, ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் விண்மீன்களை ஒருசேர உற்றுநோக்கி இப்பணியைச் செய்தது.

அவ்விண்மீன்களுள் ஒன்று ஆய்வாளரைத் திகைக்க வைத்தது. அதன் ஒளி 15.7 மணி நேரத்திற்கு ஒருமுறை தவறாது மங்கியது. ஆயின் மங்கும் அளவோ ஒரு முறை போல் மறுமுறை இல்லை. சில வேளைகளில் நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் சற்று மிகுதியாகக் குறைந்தது. சில வேளைகளில் குறைந்ததாகவே தெரியவில்லை. திண்ணிய கோள் ஒன்று குறுக்கே வந்தால், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நிழலே விழவேண்டும். கோளின் உருவம் நாளுக்கு நாள் பெருத்தும் சிறுத்தும் போதல் இயலுமோ?

இவ்வினாவிற்கு ஆய்வாளர் உடனே விடை கூறிவிடவில்லை. ஒன்றையொன்று அலைக்கழிக்கும் இரு பெருங்கோள்கள் அங்கு இருக்கலாமோ என ஆராய்ந்தனர். ஒன்றையொன்று மறைக்கும் சிறு விண்மீன் இணையோ எனவும் ஆராய்ந்தனர். அவை பொருந்தாமற் போகவே, கரைந்துகொண்டிருக்கும் ஒரு சிறு கோளிலிருந்து எழும் தூசிப்படலமே ஒளியை மறைக்கிறது என்னும் முடிவிற்கு 2012ஆம் ஆண்டில் வந்தனர். கெப்ளர்-1520பி என இன்று வழங்கப்பெறும் அக்கோளே இவ்வகையில் முதலாவதாகும். இதனைத் தொடர்ந்து 2014இல் ஒன்றும், 2015இல் கே2-22பி என்னும் மற்றொன்றும் கண்டறியப்பட்டன.

இக்கோள்கள் கரைவது எவ்வாறு? இவை தத்தம் விண்மீனுக்கு மிக அண்மையிற் சுற்றுகின்றன. ஓராண்டு என்பது இவற்றுக்கு ஒரு நாளினும் குறைந்தது, அன்றி ஒரு நாளினும் சிறிதே மிக்கது. அவ்வெம்மையில் பாறை உருகிக் குழம்பாகி, குழம்பு கொதித்து ஆவியாகிறது. பெரிய கோளாயின் தன் ஈர்ப்பாற்றலால் அவ்வாவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவையோ மிகச் சிறியவை. ஆகவே ஆவி தப்பி வெளியே பாய்கிறது. பாய்ந்த ஆவி குளிர்ந்து கனிமத் துகள்களாக உறைகிறது. அத்துகள்களை விண்மீனின் ஒளியழுத்தம் தள்ள, அவை கோளின் வழியிற் பின்தங்கி வால்போல் நீள்கின்றன. ஆவி வெளியேற வெளியேறக் கோளின் எடை குறையும்; எடை குறையக் குறைய ஈர்ப்பு மேலும் தளரும்; ஈர்ப்புத் தளரத் தளர இழப்பு மேலும் விரையும். ஒருமுறை தொடங்கிய தேய்வு தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

2025ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட நான்காவது கோள் இவற்றுள் நமக்கு அண்மையில் உள்ளது. பி.டி.+05 4868 ஏபி என்பது அதன் பெயர். குதிரை உருவாகச் சொல்லப்படும் பெகாசசு விண்மீன் கூட்டத்தின் திசையில், ஏறத்தாழ 140 ஒளியாண்டுத் தொலைவில் அஃது உள்ளது. 30.5 மணி நேரத்தில் தன் விண்மீனை ஒருமுறை சுற்றி முடிக்கிறது. அதன் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 1,600 பாகை செல்சியசு. அதன் எடை, நிலவிற்கும் புதன் கோளுக்கும் இடைப்பட்டது எனக் கணித்துள்ளனர். ஒவ்வொரு சுற்றிலும் எவரெசுட்டு மலையளவு பொருளை அஃது இழக்கிறது. அதன் வால் 90 இலட்சம் கிலோமீட்டர் வரை நீண்டு, சுற்றுப்பாதையின் பாதியைத் தழுவிக் கிடக்கிறது. இன்னும் 10 முதல் 20 இலட்சம் ஆண்டுகளில் அக்கோள் முற்றிலும் இல்லாமற் போகும் என்பது ஆய்வாளர் கணிப்பு.

இங்கு ஒரு புதுமை கருதத்தக்கது. முழுமையாக உள்ள உலகங்கள் தம் உள்ளீட்டைக் காட்டுவதில்லை. நம் உலகையே எடுத்துக்கொள்ளலாம். உருசிய நாட்டின் கோலா தீவக்குறையில் 1970ஆம் ஆண்டில் தோண்டத் தொடங்கிய ஆழ்துளை, 1989இல் 12,262 மீட்டர் ஆழத்தை எட்டி, அதற்கு மேற்செல்ல இயலாமல் நின்றது. உலகின் நடுப்புள்ளியோ ஏறத்தாழ 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. மாம்பழத்தின் தோலைக்கூட மாந்தர் கருவி துளைத்து முடிக்கவில்லை எனலாம். பல நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள கரையும் கோளோ, தன் உள்ளே மறைந்து கிடந்த கனிமங்களைத் தூசியாக வெளியிட்டு, விண்மீன் ஒளியின் முன் விரித்து வைக்கிறது. வெப் தொலைநோக்கி கே2-22பியின் தூசியை 2024ஆம் ஆண்டில் அகச்சிவப்பொளியில் ஆராய்ந்தது இதன்பொருட்டே. அத்தூசி, கோளின் நடுவே இருக்கக்கூடிய இரும்பைவிட, அதனைச் சூழ்ந்த பாறையடுக்கின் கனிமங்களோடு ஒத்திருப்பதாக ஆய்வாளர் கூறினர். கரையாதிருந்தால் இக்கோள்களைப் பற்றி எவரும் எதனையும் அறிந்திரார். அவற்றின் திண்ணுடல் அத்துணைச் சிறியது; கருவிகளுக்குத் தெரிவது தூசியே.

இவ்வளவும் வகுப்பறையிற் கூறி முடித்த ஆசிரியர் ஒருவர், அடுத்து என்ன கூறுவார் என்பதை எளிதில் ஊகிக்கலாம். மெழுகுவத்தி தன்னை உருக்கி ஒளி தருகிறது. சந்தனம் தன்னைத் தேய்த்து மணம் தருகிறது. அவைபோல் இக்கோளும் தன்னை அழித்து உலகிற்கு அறிவு தருகிறது. ஆதலின் மாணவர்களே, நீங்களும் பிறர்க்காகத் தேய்ந்து வாழுங்கள் என்பார். கேட்பதற்கு இனிய அறிவுரைதான். ஆயினும் அஃது உண்மைதானா என்பதை ஆராய்தல் வேண்டும்.

ஈகை என்பது உள்ளத்தின் செயல். கொடுப்பவன் ஒருவன் வேண்டும். கொடாமலும் இருக்கத்தக்க உரிமை அவனுக்கு இருத்தல் வேண்டும். கொடுப்பது இன்னதென அவன் அறிந்திருத்தலும் வேண்டும். இம்மூன்றும் கூடிய வழியே ஈகை பிறக்கும். கோளுக்கு உள்ளமில்லை, உரிமையில்லை, அறிவுமில்லை. அஃது எதனையும் கொடுப்பதில்லை, இழக்கிறது. அந்த இழப்பினின்று மாந்தர் அறிவு பெறுகின்றனர் என்பதனால், இழப்பு ஈகையாகிவிடாது. மரத்தினின்று உதிர்ந்த பழத்தைப் பொறுக்கித் தின்றவன், மரம் தனக்கு விருந்திட்டது என்று கவிபாடலாம். அறநூல் எழுதுதல் கூடாது.

உவமைதானே, இதில் என்ன குற்றம் என ஒருவர் வினவலாம். உயிரற்ற பொருளோடு நின்றால் குற்றமொன்றுமில்லை. அவ்வுவமை மாந்தர் மீது ஏற்றப்படும்போதுதான் தீங்கு விளைகிறது. வெயிலிலும் மழையிலும் உழைத்து, நாற்பது வயதிலேயே உடல் தளர்ந்து வீழ்ந்த தொழிலாளி ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். அவன் தன்னையே தேய்த்து நாட்டிற்கு உழைத்த தியாகி என்று மேடையிற் புகழ்வது எளிது. அவன் தேய்வதற்கு உடன்பட்டானா? தேயாமல் வாழும் வழி அவன்முன் திறந்திருந்ததா? குறைந்த கூலியும் மருந்தில்லாக் குடியிருப்பும் அவனைத் தேய்த்தன எனின், தியாகி என்னும் பட்டம் அவனுக்குச் சூட்டும் மாலையாகாது. அவனைத் தேய்த்தவர் முகத்தை மறைக்கும் திரையாகும். உடன்பிறந்தார்க்குச் சோறாக்கும் பொருட்டுப் பள்ளியினின்று நிறுத்தப்பட்ட மூத்த மகளைக் குடும்ப விளக்கு என்று வாழ்த்துவதும் இத்தகையதே. பறிக்கப்பட்டதைக் கொடுக்கப்பட்டதாகக் கூறும் சொல், பறித்தவர்க்கே துணை செய்கிறது.

ஆசிரியரை மெழுகுவத்தியாக்கிப் பேசும் வழக்கமும் மறுபார்வைக்கு உரியது. தன் ஓய்வு நேரத்தைத் தானே விரும்பி ஒரு மாணவனுக்கு அளிக்கும் ஆசிரியர் ஈகையாளர், ஐயமில்லை. அவர் தேய்ந்தே தீரவேண்டும் என்று பிறர் எதிர்பார்க்கும் நாளில், அந்த ஈகை வரியாக மாறிவிடுகிறது. மேலும், நல்லாசிரியர் அறிவைக் கொடுப்பதால் அவர் அறிவு குறைவதில்லை. மெழுகு உவமை அங்கும் பொருந்தவில்லை.

இனி மற்றொரு வினா எழுகிறது. ஓர் உலகம் அழிவதைத் தொலைவில் இருந்து நோக்கி, அதனை அரிய வாய்ப்பென மகிழ்தல் முறையா? கரையும் கோளில் உயிர் உண்டெனக் கருத இடமில்லை. பாறையே கொதிக்கும் இடத்தில் வருந்துதற்கும் ஒருவருமில்லை. அன்றியும், வருந்துவார் இருப்பினும் உதவ இயலாது. இன்று தொலைநோக்கியை வந்தடையும் அவ்வொளி ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்னரே புறப்பட்டது. ஆய்வாளர் காண்பது நடந்து முடிந்த நிகழ்ச்சியை. அங்கே அவர்க்குரிய கடமை ஒன்றே. கண்டதைக் கண்டவாறு கூறுதல். முதற்கோளைக் கண்டவர்கள் தமக்கு வியப்பளித்த முடிவை முதலில் பற்றிக்கொள்ளாமல், பிற வழிகளையெல்லாம் ஆராய்ந்து கழித்த பின்னரே அதனை உரைத்தனர் அன்றோ? அந்நேர்மையே அவர்கள் அக்கோளுக்குச் செலுத்திய மதிப்பு.

அண்டை வீட்டின் அழிவு அத்தகையதன்று. வெள்ளத்தில் வீடிழந்தவரையும், குடியால் குலையும் குடும்பத்தையும், பள்ளிக்கு வாராமல் நின்றுவிட்ட சிறுவனையும் காண்போர்க்கு, கண்டதைக் கூறுவதோடு கடமை முடிவதில்லை. அவ்வொளி 140 ஆண்டுகள் பயணஞ் செய்து வரவில்லை; அடுத்த தெருவினின்று வருகிறது. ஆய்வாளன் பார்வையோடு மட்டும் அங்கு நிற்பவன் அறிவுடையோன் ஆகலாம், அறவோன் ஆகான். இன்னாருடைய வறுமையால் நாம் பாடம் கற்றோம் என்று கூறி, அவர் வறுமையை அவ்வாறே விட்டுச் செல்வது கல்வியின் இழிநிலை.

நிலையாமை பற்றியும் ஒரு சொல் கூறுதல் தகும். திருக்குறளின் துறவறவியலில் நிலையாமைக்குத் தனி அதிகாரமே உண்டு. உடலும் செல்வமும் நில்லா என்பதைத் தமிழ்ச் சான்றோர் நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்திருந்தனர். நிலமும் நில்லாது என்பதை இன்றைய வானியல் அதனோடு சேர்க்கிறது. ஞாயிறும் இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளிற் பருத்துச் செம்பெரு விண்மீனாகும். புதனையும் வெள்ளியையும் விழுங்கும் என்பர். எல்லாம் அழியுமெனின் எதற்காக உழைப்பது எனச் சோர்வார்க்கு, எண்களே விடை தரும். கரையும் கோளுக்கு எஞ்சியுள்ள காலம் குறைந்தது 10 இலட்சம் ஆண்டுகள். இன்றைய மாந்தரினம் தோன்றி ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. அழியும் தறுவாயில் உள்ளதாகச் சொல்லப்படும் அவ்வுலகின் எஞ்சிய வாழ்நாள், மாந்தர் வரலாறு முழுவதையும்விட நீண்டது. பசித்த குழந்தைக்கு ஒருவேளை உணவோ, சில மணி நேரத்தில் செரித்துப்போகும். அதனால் அவ்வுணவு வீண் என எவரும் கூறார். ஒன்றன் மதிப்பை அது நிலைக்கும் காலத்தால் அளத்தல் பொருந்தாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, கரையும் கோள்களைப் பற்றி மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர், அறிவுரை கூற விரையாதிருத்தல் நலம். ஒளி மங்கிய விதத்தையும், ஆய்வாளர் ஐயுற்ற விதத்தையும், பாறை ஆவியாகும் விதத்தையும் முதலில் விளக்கட்டும். பின்னர் ஒரே ஒரு வினாவை அவர்கள்முன் வைக்கட்டும்: இக்கோள் கொடுக்கிறதா, இழக்கிறதா? இழக்கிறது என்று ஒரு மாணவன் விடை கூறினால், அவனிடம் மற்றொன்றும் கேட்கலாம்: உன் வீட்டில், உன் தெருவில், கொடுப்பதாகப் புகழப்பட்டு உண்மையில் இழந்துகொண்டிருப்பவர் யார்? அவ்வினாவிற்கு விடை தேடி அவன் அன்று மாலை தன் தாயின் கைகளை உற்று நோக்குவானாயின், அந்தப் பாடம் உரிய இடத்தைச் சென்று சேர்ந்தது எனலாம்.