காண்டலும் கருதலும்

சீடர்: ஐயா, காண்டலே முதல் அளவை என்றீர்கள். சத்தியவேடு போன்ற ஊர்களில் புதருக்குள் போய்வருவோரைக் கடித்துக் காய்ச்சல் தரும் மைட் என்னும் சிற்றுயிர் ஒன்று உண்டாம். கால் மில்லிமீட்டர் அளவுகூட வராதாம், கடிபட்டவருக்கே தெரியாதாம். காணாத ஒன்றைக் காரணம் என்று எப்படி ஏற்பது?

ஆசிரியர்: காண்டல் எட்டாத இடத்தில் கருதல் உண்டு, புகையைக் கொண்டு நெருப்பை அறிகிறோம். வளர்ந்த மைட்டுக்கு எட்டுக் கால். மண்ணில் பூச்சி முட்டைகளைத் தின்று வாழும், மனிதரை நாடாது. ஆறு கால் குஞ்சுதான் ஒரே ஒருமுறை எலியையோ மூஞ்சூறையோ, வழியில் வந்த மனிதரையோ பற்றி, தோலின் திசுவைக் கரைத்து உண்கிறது. ஓரியன்ஷியா என்னும் பாக்டீரியா தாயிடமிருந்து முட்டை வழியே அதற்கு வந்திருந்தால், அப்போது நம் உடம்பில் ஏறிவிடும். பத்து நாள் போலக் கழித்துக் காய்ச்சல் வரும்போது மைட் எப்போதோ உதிர்ந்திருக்கும். ஆனால் அக்குளிலோ தொடை இடுக்கிலோ, நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவந்த வளையமுமாக, வலியில்லாத ஒரு சிறு புண் நிற்கும். திருப்பதி ஸ்விம்ஸிலும் வேலூர் சிஎம்சியிலும் மருத்துவர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்னும் இந்தக் காய்ச்சலுக்குத் தேடும் புகை அதுதான்.

சீடர்: பலருக்கு அந்தப் பொருக்கே இருப்பதில்லையே? புகையின்றி நெருப்பைச் சொல்லலாம் என்றால், பேய் பிடித்துக் காய்ச்சல் வந்தது என்பவரை எப்படி மறுப்பீர்கள்? அவரும் காணாததைத்தானே சொல்கிறார்.

ஆசிரியர்: பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்புண்டு, புகை ஏது? பொருக்கு இல்லாவிட்டால் வேறு குறிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: புதரோரத்து வேலை, தணியாத காய்ச்சல், குறைந்த தட்டணுக்கள். தனித்தனியே இவை டெங்குவிலும் வரும். சேரும்போதுதான் கருதல் வலுக்கிறது. பேயைச் சொல்பவர் எது நடந்தாலும் தோற்கமாட்டார். மருத்துவரோ தோற்க இடம் வைத்தே கருதுகிறார். டாக்சிசைக்ளின் என்னும் மருந்தைக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்க வேண்டும்; இறங்காவிட்டால் தம் கருத்தை விட்டு வேறு நோயைத் தேடுவார்.

சீடர்: ரத்தப் பரிசோதனையில் உறுதியான பிறகு மருந்து தரலாமே?

ஆசிரியர்: எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரியவே ஒரு வாரம் ஆகலாம். அதற்குள் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாகலாம். நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவதே, ஒன்றை மட்டும் தருவதைவிட மேல் என்று வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. நோய் அப்படி முற்றிப்போவதே காத்திருப்பதன் விலை.

சீடர்: அப்படியானால் மைட் எல்லாமே பகைதானா?

ஆசிரியர்: இல்லை. நம் முகத்து மயிர்க்கால்களில் டெமோடெக்ஸ் என்னும் மைட் குடியிருக்கிறது. பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. குறி இல்லாமல் பழி சுமத்துவதும் பிழையான கருதலே. குறி இருந்தும் கண்ணால் கண்டால்தான் நம்புவேன் என்பது உயிருக்கே கேடு. ஆகவே காய்ச்சல் நாலைந்து நாளுக்கு மேல் நீண்டால் உடம்பின் மடிப்புகளைத் தேடிப் பார். புதருக்குள் போய்வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்.